எலி அனுப்பிவைத்த மாமியார்

என் மாமன் மகள் ஒகலேனாவுக்குத் தன் கால்களின்மேல் இருக்கும் கர்வம், அழகிகளுக்குத் தங்கள் முகத்தின்மேல்கூட இருக்காது. ரப்பர் பூட்ஸைக் கழற்றி, கால் இரண்டையும் அடுப்புப் பக்கம் நீட்டிக்கொண்டு, "இந்தக் காலுக்குத் தெரியாத எலி இந்த ஆத்தங்கரையில கெடையாது" என்பாள். நல்ல அகலமான கால். ஆண்களுக்கான பூட்ஸ்தான் அவளுக்குச் சேரும். விமானத்தில் வருகிற சாமான்களை நாலு சக்கர ஹோண்டா வண்டியில் ஏற்றி வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பிழைப்பு. அதனால் ஊரில் யாருக்கு எந்த அளவு பூட்ஸ், எந்த அளவு உள்ளாடை என்பதுவரை எனக்குத் தெரியும். உள்ளாடையைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. அவள் பூட்ஸ் அளவை மட்டும் வீட்டுக்கு வீடு பேசிக்கொள்கிற ரேடியோவில் ஊருக்கே அறிவித்தேன்.

அதற்கு எனக்கு உரிமை இருக்கிறது. வடகோடிப் பனிநாட்டில் வாழும் எங்கள் யூப்பிக் ஜனங்களிடையே மாமன் மகளைக் கேலி செய்வது அத்தை மகனின் கடமை. நான் அவளைக் 'குட்டிப் பெண்டாட்டி' என்று கூப்பிடலாம். கட்டின புருஷன் யேக்கோ பக்கத்திலேயே உட்கார்ந்து சிரிக்க வேண்டும். முறைத்தால் அவன்தான் பண்பில்லாதவன். யேக்கோ நல்ல மனுஷன், மலைபோல உடம்பு, பேச்சு என்பது அறவே கிடையாது. அவன் சிரிப்பதும் உடம்பு குலுங்குவதை வைத்துத்தான் தெரியும்.

ஒகலேனாவின் கால் செய்கிற வேலை இதுதான். இலை பழுத்து உதிர்கிற நாட்களில், ஆறு உறைவதற்கு முன்னால், துந்திராப் பாசிவெளியில் எலிகள் பாசிக்கு அடியில் அறை தோண்டிக் குளிர்காலத்துக்குக் கிழங்கு சேர்த்து வைக்கும். எங்கள் பெண்கள் நடந்து நடந்து காலாலேயே அந்த அறைகளைத் தேடுவார்கள். மெத்தென்று அமுங்குகிற இடத்தில் அரைவட்டக் கத்தியால் பாசியை மூடிபோல அறுத்துத் தூக்கினால், உள்ளே பஞ்சுப்புல்லின் வெள்ளைக் கிழங்கு கழுவி அடுக்கினது போல இருக்கும். சிலதில் கருமணிக் கிழங்கும் கிடைக்கும்; கறுப்பாக, மருபோலச் சின்னதாக, தித்திப்பாக. பாதியை எடுத்துக்கொண்டு பாதியை விட்டுவிட வேண்டும். எடுத்ததற்குப் பதிலாக ஒரு துண்டு உலர்ந்த மீனோ பிஸ்கட்டோ வைத்து, மூடியை மறுபடி பொருத்தி, மிதித்துவிட்டு வர வேண்டும். வைக்காமல் வந்தால் எலி வீடு தேடி வந்து எடுத்துக்கொள்ளும். இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. இதைப் போய் அறிவு என்று யாரும் சொல்லிக்கொண்டதில்லை.

ஒகலேனா மட்டும் சொல்லிக்கொள்வாள். அவள் கால் பொய் சொல்லாதாம். ஒரு வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓரிடம் மெத்தென்று அமுங்கியது என்று கத்தியைப் போட்டு அறுத்தாள். உள்ளே இருந்தது தண்ணீர்க்குழாய்க்குக் குளிருக்காகச் சுற்றிய மஞ்சள் பஞ்சு. அவள் அசரவில்லை. இந்த வருஷம் எலிக்கு வசதி வந்துவிட்டது, மெத்தை போட்டுத் தூங்குகிறது என்றாள். அங்கேயும் ஒரு துண்டு மீன் வைத்து மூடிவிட்டுத்தான் வந்தாள். குழாய் உறைந்து பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். பிள்ளைகளுக்கு இன்றும் அவள்மேல் தனி மரியாதை.

இப்படிப்பட்டவளை அடக்கி வைத்திருந்தது ஒரே ஒரு ஆள். யேக்கோவின் அம்மா உலிகாக்.

உலிகாக் ஒல்லி, குள்ளம். ஊதாப்பூப் போட்ட தலைமூடி மேலங்கி ஒன்றை எந்நேரமும் மாட்டிக்கொண்டிருப்பாள். ஒகலேனா அகூதக் செய்தால் ஊரே வந்து நிற்கும். கொழுப்பையும் சர்க்கரையையும் கையாலேயே நுரைக்க அடித்து, காட்டுப்பழமும் எலிக்கிழங்கும் போட்டு அவள் கொடுக்கிற கிண்ணத்துக்காக நானே கேலியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வதுண்டு. உலிகாக் மட்டும் கிண்ணத்தை வாங்கியதும் விரலால் துழாவுவாள். வெள்ளைக் கிழங்குக்கு நடுவே இருக்கிற கருமணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மேசைமேல் வரிசையாக வைப்பாள். பிறகு கேட்பாள்: "இத யாரு இதோட சேத்தது?"

யார் சேர்த்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். எலியே சேர்த்துத்தான் வைக்கிறது அத்தை என்று ஒகலேனா கல்யாணமான புதிதில் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். எலிக்கு மாமியார் கிடையாது என்று பதில் வந்தது. அதற்கப்புறம் அந்தக் கேள்வி வந்தால் ஒகலேனா வெளியே மீன் கொட்டகைக்குப் போய்விடுவாள். அங்கே வாளியெல்லாம் தடால் தடால் என்று விழுகிற சத்தம் கேட்கும். முப்பது வருஷம் இதே கூத்துதான். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். எங்கள் ஊரில் குடம் இல்லை, வாளிதான், அவ்வளவுதான் வித்தியாசம்.

போன வருஷம் ஆறு உறைகிற சமயத்தில் உலிகாக் போய்ச் சேர்ந்தாள். ஒகலேனா நிம்மதியாக இருப்பாள் என்று நினைத்தேன். அங்கேதான் ஏமாந்தேன்.

எங்களில் செத்தவர்கள் பெயரோடு திரும்பி வருவார்கள். பிறக்கிற குழந்தைக்கு அந்தப் பெயரை வைத்துத் தண்ணீர் கொடுத்தால் முடிந்தது. அந்தக் குழந்தை தின்றால் செத்தவருக்கு வயிறு நிறையும், அது உடுத்தினால் அவருக்குக் குளிர் விடும். அந்த வருஷம் ஊரில் குழந்தைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் உலிகாக்கின் நாக்கைத் தங்கள் வீட்டில் மறுபடி பிறக்க விட யாருக்குத் தைரியம் வரும்? ஒருத்தி, எப்போதோ செத்துப்போய் எல்லாரும் மறந்துவிட்ட சித்தப்பன் பெயரைத் தேடிப்பிடித்து வைத்தாள். இன்னொருத்தி பெத்தேல் டவுன் ஆஸ்பத்திரியிலேயே பெயர் வைத்துவிட்டு வந்து இறங்கினாள். நான் ஹோண்டாவோடு நின்றுகொண்டிருந்தேன். குழந்தையின் பெயரைத்தான் முதலில் சொன்னாள், பிறகுதான் வணக்கம்.

ஒகலேனா ஒருநாள் விமானத் திடலுக்கு வந்து என் ஹோண்டாமேல் உட்கார்ந்துகொண்டாள். ஆறு உறைந்ததும் அத்தைக்கு வருஷ விருந்து வைக்க வேண்டும், பெயர் வாங்கிக்கொண்டவர்தான் முதல் கிண்ணத்தைத் தின்ன வேண்டும், ஆளே இல்லை என்றாள். நான் ஏதோ கேலியாகச் சொன்னேன். அவள் திருப்பிக் கேலி செய்யவில்லை.

"அத்தை பசியோட எங்கயோ நிக்கிறாங்க மச்சான்" என்றாள். "ஒரே ஒரு தடவை எங்கையால வாங்கித் தின்னுட்டு நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். சொல்லல. இப்ப சொல்றதுக்கு வாயும் இல்ல."

இந்த நேரத்தில்தான் ஆர்லன் வந்து இறங்கினான். மினசோட்டாப் பக்கத்துத் தாவர விஞ்ஞானி, முப்பது வயது இருக்கும், ஒல்லி, குள்ளம். எலிகள் எந்தெந்தச் செடியின் கிழங்கைச் சேர்க்கின்றன, அதில் பெண்கள் எவ்வளவு எடுக்கிறார்கள், எடுத்தால் செடிக்கு நல்லதா கெட்டதா என்று பார்க்க வந்தவன். எங்கள் பாஷையைப் பெத்தேலில் ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து பழைய ஒலிநாடாக்களிலிருந்து படித்திருந்தான். அதனால் பிரசங்கம் செய்கிற மாதிரி பேசுவான். என் வீட்டில் ஆறிப்போன தேநீரைக் குடித்துவிட்டு, "தாங்கள் வழங்கிய பானம் மிகவும் சுவையாக இருக்கிறது" என்றான். என் பெண்டாட்டி அன்று முழுக்க என்னைத் தாங்கள் என்றுதான் கூப்பிட்டாள்.

ஊரில் இடம் கொடுக்கிறோம் என்றார்கள். கேட்கவில்லை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று விமானத் திடலுக்கு அப்பால் மேட்டில் கூடாரம் போட்டுக்கொண்டான்.

தினமும் ஒகலேனாவுக்குப் பின்னால் குட்டிக் கொடிகளை நட்டுக்கொண்டே போவான். அவளுக்கு ஏகக் குஷி. அவள் காலைப் பார்த்து ஒருவன் குறிப்பெடுக்கிறானே. பாதி எடுத்தாயிற்று என்று எப்படித் தெரியும் என்று அவன் கேட்டால், கை கூச ஆரம்பித்தால் பாதி என்பாள். அவன் அதை நிறுத்துப் பார்ப்பான். சில நாள் பாதி இருக்கும். சில நாள் அவளுடைய கை கூசவே இல்லை என்பது தெரியவரும். அப்போது அவள் தராசைக் குறை சொல்வாள்.

ஒவ்வொரு செடிக்கும் அவன் இரண்டு இரண்டு பெயராகச் சொன்னான், இரண்டும் செத்துப்போன பாஷையில். ஒரு புல்லுக்கு அந்தக் காலத்து விஞ்ஞானி ஒருவரின் பெயரைப் போட்டிருக்கிறார்கள் என்றதும் ஒகலேனா நிமிர்ந்து பார்த்தாள். உங்களிலும் செத்தவர் பெயரை வைக்கிற வழக்கம் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது என்றான். அப்படியானால் அந்தப் புல்லுக்கு அவருக்குப் பிடித்ததை ஊற்றுவீர்களா என்றாள். அவன் யோசித்து, அப்படி ஒரு ஏற்பாடு இல்லை என்றான். "பாவம், அவரும் பட்டினியா" என்று அவள் தன் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து அந்தப் புல்லின் அடியில் வைத்துவிட்டு நடந்தாள்.

நல்ல பையன்தான். ஆனால் யாருக்கும் சொல்லாமல் ஒரு காரியம் செய்துவந்தான். ஒகலேனா எலிக்கு வைத்துவிட்டு வருகிற மீன் துண்டுகளை, அவள் தலை மறைந்ததும் பாசியைத் திறந்து எடுத்துக்கொள்வான். மனுஷர்கள் கொடுப்பதில் எலிக்கு எவ்வளவு சத்து சேருகிறது என்று பார்ப்பதற்காம். எடுத்த இடத்தைக் குறித்து, நிறுத்து, சீட்டு ஒட்டி, நரி இழுத்துக்கொண்டு போகாமல் இருக்கத் தன்னுடைய மார்பு வரைக்கும் ஏறுகிற ரப்பர் காலுடைக்குள் போட்டுக் கூடாரத்தில் தொங்கவிட்டான். எலியின் கூலியைத் திருடித் தன் கால்சட்டைக்குள் பதுக்கிய மனுஷன் எங்கள் கதைகளில்கூடக் கிடையாது.

எலிகள் வந்தன. கூடாரத்தின் அடியில் கடித்தன, ரப்பர் காலுடையின் இடதுகாலில் கடித்தன, தங்கள் மீனில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு போயின. ஆர்லன் கவனிக்கவில்லை. மிச்ச மீனை மேல்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு, காலுடையை மாட்டிக்கொண்டு, கருமணிச் செடி பார்க்க ஓடையில் இறங்கினான். இடதுகாலில் ஓடை ஏறியது. நானும் யேக்கோவும் படகில் அந்தப் பக்கம் போயிருக்காவிட்டால் எலிகள் ஒரு விஞ்ஞானியையும் குளிர்காலத்துக்குச் சேர்த்து வைத்திருக்கும். நாங்கள் இழுத்துப் போட்டபோது பற்கள் கடகடவென்று ஆட, தங்கள் உதவிக்கு மிக்க நன்றி என்றான்.

யேக்கோவின் வீடுதான் பக்கம். ஒகலேனா அப்போது நீராவிக் குளியலில் இருந்தாள். யேக்கோவின் சட்டைக்குள் ஆர்லன் போன்றவர்கள் மூன்று பேர் நுழையலாம். அதனால் யேக்கோ தன் அம்மாவின் பெட்டியைத் திறந்து, பெயர் வாங்குகிறவருக்கு விருந்தில் கொடுப்பதற்காக எடுத்து வைத்திருந்த ஊதாப்பூ மேலங்கியை மாட்டிவிட்டான். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. தலைமூடியையும் இழுத்துவிட்டு அடுப்புப் பக்கம் உட்கார வைத்தான். பிறகு நாங்கள் படகைக் கட்டப் போனோம்.

அடுப்புப் பக்கத்தில் ஒரு தட்டு நிறையக் கிழங்கு இருந்தது, வெள்ளையும் கறுப்பும் கலந்து. ஆர்லனால் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. வெள்ளையை ஒருபக்கம், கறுப்பை ஒருபக்கம் என்று பிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

அதற்கப்புறம் நடந்ததை நான் பார்க்கவில்லை, கேட்டேன். ஊரே கேட்டது. எல்லார் வீட்டிலும் ரேடியோ எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். ஒகலேனா குளித்துவிட்டு உள்ளே வந்திருக்கிறாள். அடுப்புப் பக்கம், முதுகைக் காட்டிக்கொண்டு, ஊதாப்பூ மேலங்கி. குனிந்து கருமணி பொறுக்குகிறது. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். நாற்காலியில் ரேடியோவின் மைக் கிடந்தது. அவள் உட்கார்ந்ததில் பொத்தான் அமுங்கிக்கொண்டது. படகுக்கரையில் என் இடுப்பிலிருந்த ரேடியோவில் அவள் குரல் கேட்டது.

"அத்தை, வந்துட்டீங்களா? தண்ணி குடிங்க அத்தை."

எட்டி வாளியில் மொண்டு நீட்டியிருக்கிறாள், நீட்டிய வேகத்தில் பாதித் தண்ணீர் அந்தத் தலைமூடியின்மேலேயே கொட்டியிருக்கிறது. மிச்சத்தை வாங்கி மடமடவென்று குடித்துவிட்டு, "தாங்கள் அளித்த நீர் மிகவும் சுவையாக இருக்கிறது" என்று ஆர்லன் சொன்ன குரலும் ஊர் முழுக்கக் கேட்டது. யேக்கோ கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டான். படகை அப்புறம் போய்ப் பிடித்து வந்தோம்.

தண்ணீர் கொடுத்து யார் என்று கூப்பிட்டோமோ அவர் பெயர்தான். திரும்ப வாங்க முடியாது, அதிலும் ஊரே சாட்சியாக இருக்கும்போது. ஆர்லன் அன்றிலிருந்து உலிகாக்.

அவனுக்கு விஷயத்தை விளக்கிச் சொன்னபோது முதலில் மிகுந்த பெருமை என்றான். மறுநாள் காலையில்தான் புரிந்தது. மலைபோல இருந்த யேக்கோ அவன்முன் வந்து நின்று, "அம்மா, எழுந்திரிச்சிட்டியா" என்றான். வழியில் போன பெண்கள் உலிகாக்கிடம் எப்போதோ இரவல் வாங்கிய ஊசிகளைக் கொண்டுவந்து பயந்துகொண்டே கொடுத்தார்கள். எல்லாவற்றையும்விட மோசம் வசிலி கிழவர். அவர் உலிகாக்குக்கு முறைக்காரர், ஆயுசு முழுக்க அவளைக் கேலி செய்தவர், ஒரு வருஷமாகக் கேலி செய்ய ஆளில்லாமல் துவண்டு கிடந்தவர். தடியை ஊன்றிக்கொண்டு வந்து, ஆர்லனை மேலும் கீழும் பார்த்து, "குட்டிப் பெண்டாட்டி, இந்தத் தாடி உனக்கு எடுப்பா இருக்குடி" என்றார்.

அவனுடைய நனைந்த மேல்சட்டையைத் துவைத்துக் காயப்போட்டபோதுதான் பையிலிருந்த மீன் துண்டுகள் வெளியே வந்தன. ஒவ்வொன்றிலும் சீட்டு. ஒகலேனா தன் வீட்டு மீனைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். வேறு யாராவது என்றால் வாளி பறந்திருக்கும். இப்போது எதிரில் இருப்பது மாமியார் அல்லவா? பல்லைக் கடித்துக்கொண்டு, "எலி கூலிய எடுக்கலாமா அத்தை" என்று மட்டும் கேட்டாள். ஆர்லன் காதுவரை சிவந்துபோனான். மீனின் கொழுப்பு வாடைக்குத்தான் எலி காலுடையைக் கடித்திருக்கிறது என்று காரணம் சொன்னான். வசிலி கிழவர் அதைத்தானே நாங்களும் சொல்கிறோம், அதன் மீனை எடுத்தால் அது வந்து கடிக்கும் என்றார். ஆர்லன் அதையும் குறித்துக்கொண்டான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்களில் யாராவது இப்படிப் பண்ணியிருந்தால் மொத்தமாக ஓரிடத்தில் கொட்டி, எலிகளே பங்கு போட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டிருப்போம். அவனிடம் எந்தத் துண்டு எந்த வளையில் எடுத்தது என்று சீட்டு இருந்தது. அவ்வளவு தூரமும் மறுபடி நடந்து, அந்தந்த எலிக்கு அதனதன் மீனைக் கொண்டுபோய்க் கொடுத்தான். விஞ்ஞானத்துக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

இவ்வளவு நடந்தும் ஒகலேனாவுக்கு மனசு ஆறவில்லை. காரணம் அவனுடைய மரியாதை. புளிக்கவைத்த மீன் தலையைக் கொடுத்தார்கள். கண்ணில் தண்ணீர் வழிய, மிகவும் சுவையாக இருக்கிறது என்றான். ஒருத்தி வேண்டுமென்றே உப்பே போடாத சூப்பைக் கொடுத்தாள். அதுவும் மிகவும் சுவையாக இருந்தது. உலிகாக் உயிரோடிருந்த காலத்தில் எதையும் நல்லாயிருக்கிறது என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. தண்ணீர் ஆள் மாறிப் போய்விட்டது, வந்திருப்பது வேறு யாரோ நல்லவர் என்று வசிலி கிழவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஒகலேனா இதைக் கேட்டாள். பேச்சு குறைந்தது. காலைப் பற்றிக்கூடப் பெருமையடிப்பதில்லை. தேநீரில் இரண்டு தரம் சர்க்கரை போட்டாள்.

என் மாமன் மகளை அப்படிப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. யேக்கோவுக்கும்தான். ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், அவள் கேட்க நினைத்த ஒரு சொல்லையாவது அவள் கேட்கட்டும் என்று முடிவுசெய்து, இரண்டு பேரும் ஆர்லனைத் தனியாக அழைத்துப்போய்ப் பாடம் சொன்னோம். முதல் கிண்ணத்தைத் தின்றதும் எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, நல்லாயிருக்கிறது என்று சொன்னால் போதும். அதில் என்ன கஷ்டம், அது உண்மையாகவே நன்றாகத்தானே இருக்கும் என்றான். அவன் ஊருக்குப் போக வேண்டிய நாளும் வந்தது, ஆனால் மூடுபனி இறங்கி விமானம் வரவில்லை. உலிகாக் இருந்தபோதும் அவளைக் கேட்காமல் யாரும் எங்கேயும் கிளம்பியதில்லை.

ஆறு உறைந்தது. விருந்தன்று வீடு நெரிசல், வாசலில் பூட்ஸ் குவியல். ஆர்லன் ஊதாப்பூ மேலங்கியோடு நடு இடத்தில் உட்கார்ந்திருந்தான். ஒகலேனா அன்று காலையில் கருமணியை எல்லாம் தனியே எடுத்துவிட்டு வெள்ளைக் கிழங்கை மட்டும் போட்டு அகூதக் செய்தாள். கடைசியில் என்ன நினைத்தாளோ, கருமணியைக் கைநிறைய அள்ளி உள்ளே போட்டாள். அத்தை இருந்தபோது எப்படிச் செய்தேனோ அப்படித்தான் செய்வேன் என்றாள். முதல் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்துவிட்டு, அடுப்புப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டாள். அவளுக்கு முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

ஆர்லன் ஒரு வாய் தின்றான். நான் தலையை ஆட்டி, ம், எழுந்திரு என்று ஜாடை காட்டினேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றி சுருங்கியது. விரலை உள்ளே விட்டுத் துழாவி ஒரு கருமணியை எடுத்தான். மேசைமேல் வைத்தான். இன்னொன்றை எடுத்தான். அதன் பக்கத்தில் வைத்தான். யேக்கோ கண்ணை மூடிக்கொண்டான்.

ஒலிநாடாவில் படித்த மரியாதை எல்லாம் எங்கே போயிற்றோ, பாசிவெளியில் ஒகலேனாவுக்குப் பின்னால் நடந்து நடந்து காதில் விழுந்த பேச்சு அவன் வாயில் வந்தது.

"இத யாரு இதோட சேத்தது?" என்றான். "நான் பாத்த எலியெல்லாம் தனித்தனி அறையிலதான வெச்சிருக்கு."

வசிலி கிழவரின் தடி நழுவிக் கீழே விழுந்தது. ஒகலேனா மெதுவாகத் திரும்பினாள். கையில் கரண்டி. வாளிகள் எங்கே இருக்கின்றன என்று நான் கண்ணால் தேடினேன். அவள் முகம் கோணியது, வாய் துடித்தது, கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பிறகு வீடே அதிர ஒரு சிரிப்பு.

"அத்தைதான்" என்றாள். "வந்துட்டாங்க. நெசமாவே வந்துட்டாங்க."

ஆர்லனுக்கு அப்போதுதான் சுயநினைவு வந்தது. மன்னிக்க வேண்டும், மிகவும் சுவையாக இருக்கிறது என்று ஆரம்பித்தான். சும்மா இருங்கள் அத்தை என்று அவன் வாயை அடைத்துவிட்டாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, முப்பது வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததை அவன் எதிரே எடுத்து வைத்தாள்.

"நாந்தான் சேத்தேன். எலி தனியா வெச்சா வெச்சுட்டுப் போகட்டும். நான் சேத்துத்தான் போடுவேன். புடிக்கலேன்னா பொறுக்கி வெச்சுட்டுத் தின்னுங்க."

ஆர்லன் பயந்துபோய்ச் சொன்னபடியே செய்தான். கருமணியை எல்லாம் பொறுக்கி வரிசையாக வைத்தான், மிச்சத்தைத் தின்றான், கிண்ணத்தை விரலால் வழித்து நக்கினான். ஒகலேனா இந்தத் தடவை மீன் கொட்டகைக்குப் போகவில்லை. அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்ணம் காலியானதும் அவன் மேசைமேலிருந்த கருமணியில் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாகச் சப்பினான். பிறகு அடுத்தது. வரிசை தீரும்வரை அவசரமே இல்லை.

யேக்கோவின் உடம்பு குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. "அம்மா எப்பவும் அப்படித்தான்" என்றான். "புடிச்சத எடுத்து வெச்சுக் கடைசில தின்னும்."

ஒகலேனா அவனைப் பார்த்தாள். பிறகு காலியான மேசையைப் பார்த்தாள். பிறகு மறுபடி அவனை. "முப்பது வருசமா இத ஏன்யா நீ சொல்லல?"

"நீதான் அதுக்குள்ள வாளிய ஒடைக்கப் போயிருவியே."

அவள் மூக்கை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். அகூதக் சட்டியில் கையை விட்டுக் கருமணியாகத் தேடித் தேடி எடுத்து ஆர்லனுக்கு முன்னால் குவித்தாள். சட்டியில் தீர்ந்ததும் யேக்கோவின் கிண்ணத்தில் எடுத்தாள், வசிலி கிழவரின் கிண்ணத்தில் எடுத்தாள். கடைசியில் என் கிண்ணத்துக்கும் வந்தாள். நான் அப்போதுதான் ஒன்றை வாயருகே கொண்டுபோயிருந்தேன். அதையும் விரலிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் அத்தைக்குக் கொடுத்தாள்.